நைலண்ட் வீட்டுப் பிள்ளைகள்: நார்மண்டிப் பயணக் குறிப்புகள்

திங்கள் இரவு, பாயூ

பார்க்கப் போகும் ஊர்களை வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். நூவில் ஓ ப்ளேன், க்ரிஸ்பெக், கோல்வில் சூர் மேர். மூன்றும் பிரான்சின் நார்மண்டிக் கடலோரத்தில் உள்ளவை. இரண்டாம் உலகப் போரின் நினைவிடங்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் 1944-இல் அமெரிக்கப் படைகள் வந்து இறங்கிய ஒமாஹா கடற்கரையில் தொடங்குவார்கள். நானும் அண்ணனும் ஒரே ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறோம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் டோனவாண்டா என்று ஓர் ஊர். அங்கே மைக்கேல், அகஸ்டா நைலண்ட் தம்பதிக்கு நான்கு மகன்கள்: எட்வர்ட், பிரெஸ்டன், ராபர்ட், ஃப்ரெட்ரிக். ஃப்ரெட்ரிக்கை எல்லோரும் ஃப்ரிட்ஸ் என்றே கூப்பிடுவார்கள். நால்வரும் போருக்குப் போனார்கள். 1944 மே 16 அன்று எட்வர்ட் இருந்த பி-25 குண்டுவீச்சு விமானம் பர்மாவில் வீழ்ந்தது; அவர் காணாமல் போனார். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய ஜூன் 6 அன்று ராபர்ட் அங்கே கொல்லப்பட்டார். மறுநாளே பிரெஸ்டனும் போய்விட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்று பிள்ளைகள். மிச்சம் ஃப்ரிட்ஸ் ஒருவர்தான் என்று நினைத்த ராணுவம் அவரைப் போர்முனையிலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பியது.

இந்த விஷயம்தான் பின்னாளில் ஒரு பெரிய ஹாலிவுட் படத்துக்கு விதையானது. அதனாலேயே எல்லோருக்கும் தெரிந்தவர் காப்பாற்றப்பட்ட கடைசிப் பிள்ளை. நார்மண்டியில் போன இரண்டு பேர் எங்கே, எப்படிப் போனார்கள் என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.

எட்வர்ட் விழுந்தது பர்மாவில் என்று படித்தபோதே இந்த வீடு எனக்கு நெருங்கிவிட்டது. காரைக்குடிப் பக்கம் பர்மா என்ற பேச்சைக் கேட்காமல் யார் வளர்ந்தார்கள்? 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்த லட்சக்கணக்கானவர்களில் எங்கள் அப்பத்தா வீட்டாரும் உண்டு. வழியில் கைவிட்டுப் போன தன் தம்பியைப் பற்றி அப்பத்தா கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார். செத்தானா இருக்கிறானா என்று தெரியாத பிள்ளைக்கு எந்த நாளில் திதி கொடுப்பது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "காணவில்லை" என்று ஒரு தந்தி வந்தால் ஒரு தாய்க்கு என்ன ஆகும் என்பதை நான் அப்பத்தாவை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

செவ்வாய், சேன்ட் மேர் எக்லீஸ்

காலையில் மழைத் தூறல். சேன்ட் மேர் எக்லீஸ் ஊரைத் தாண்டி ஷெர்பூர் போகும் பழைய சாலையில் வடக்கே போனோம். சில நிமிடங்களில் நூவில் ஓ ப்ளேன் வந்துவிட்டது. பத்திருபது கல்வீடுகள், ஆப்பிள் தோட்டங்கள், மேய்ச்சல் நிலம், அவ்வளவுதான்.

"அண்ணே, இங்கேதான். நிறுத்துங்க."

"இங்கே என்ன இருக்கு? வெறும் ரோடுதானே?"

ரோடுதான். அந்த ரோட்டுக்காகத்தான் அன்றைக்கு அவ்வளவு பேர் செத்தார்கள். ஜூன் 6 விடிவதற்குள் அமெரிக்காவின் 82வது வான்வழிப் படைப்பிரிவு சேன்ட் மேர் எக்லீஸைப் பிடித்துவிட்டது. கடற்கரையில் இறங்கும் படைகள் உள்ளே வருவதற்கு அந்த ஊர் கையில் இருந்தாக வேண்டும். ஜெர்மானியர் அதைத் திரும்பப் பிடிக்க தெற்கிலிருந்தும் வருவார்கள், வடக்கே ஷெர்பூர் பக்கமிருந்தும் வருவார்கள். வடக்கு வழியை அடைக்க 505வது பாராசூட் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன் தளபதி பெஞ்சமின் வான்டர்வூர்ட் ஒரு பிளாட்டூனை மட்டும் நூவிலுக்கு அனுப்பினார். அவரே குதித்த வேகத்தில் கணுக்கால் எலும்பு முறிந்து, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றவர். பிளாட்டூனில் நாற்பது பேருக்குச் சற்று அதிகம். தலைவர் லெப்டினன்ட் டர்னர் டர்ன்புல், பாதி செரோக்கி இனத்தவர். அந்த நாற்பது பேரில் ஒருவர் சார்ஜென்ட் ராபர்ட் நைலண்ட், வயது 25.

இந்த நிலத்தை நேரில் பார்த்தால்தான் சண்டை புரியும். வயல்களுக்கு நடுவே இருப்பது சாதாரண வேலி அல்ல. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையைப் போல மண்ணை உயர்த்தி, அதன்மேல் மரமும் புதருமாக நூற்றாண்டுக் கணக்கில் வளரவிட்டிருக்கிறார்கள். கரையின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். கைத்தடி கனத்துக்கு வேர்கள் மண்ணைத் துளைத்துப் பின்னிக்கொண்டு கிடக்கின்றன; விரலால் குத்தினால் மண் உதிரவில்லை. இதன் பின்னால் படுத்திருப்பவனை வெளியே இருப்பவன் பார்க்க முடியாது. ஆனால் அதே கரை பக்கவாட்டில் சுற்றி வருகிற எதிரியையும் மறைத்துவிடும். காவலும் அதுதான், கண்ணியும் அதுதான்.

மதியம் நடந்தது வான்டர்வூர்ட்டின் பதிவில் இருக்கிறது. டேங்க் எதிர்ப்புப் பீரங்கி ஒன்றை எடுத்துக்கொண்டு ஜீப்பில் அவர் நூவில் வந்து டர்ன்புல்லோடு பேசிக்கொண்டிருக்கிறார். சைக்கிளில் வந்த ஒரு பிரெஞ்சுக்காரர், அமெரிக்க பாராசூட் வீரர்கள் ஒரு பெரிய ஜெர்மன் கைதிக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். தூரத்தில் பார்த்தால் அப்படியேதான் தெரிகிறது. ஆனால் பின்னால் வண்டிகளும் வருகின்றன. சந்தேகப்பட்ட வான்டர்வூர்ட், கூட்டத்துக்கு ஓரமாக இயந்திரத் துப்பாக்கியால் சுடச் சொன்னார். சுட்ட மாத்திரத்தில் "கைதிகளும்" "காவலர்களும்" சேர்ந்து சாலையின் இரு பக்கமும் பாய்ந்து படுத்துத் திருப்பிச் சுட ஆரம்பித்தார்கள். வந்தது ஒரு பட்டாலியன் அளவுப் படை. ஒருவருக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் குறைவுதான்.

சாயங்காலம் வரை டர்ன்புல்லின் ஆட்கள் அந்தக் கரைகளின் பின்னால் தாக்குப்பிடித்தார்கள். இரண்டு பக்கமும் எதிரி சுற்றி வளைக்கும்போதுதான் பின்வாங்க முடிவானது. ஓடுகிறவர்கள் ஓட வேண்டுமானால் சிலர் நின்று சுட வேண்டும். ராபர்ட் நைலண்டும் இன்னும் சிலரும் நாங்கள் நிற்கிறோம் என்று தாங்களாகவே முன்வந்தார்கள். இயந்திரத் துப்பாக்கியின் பின்னால் இருந்தபடியே ராபர்ட் கொல்லப்பட்டார். போன நாற்பத்துச் சொச்சம் பேரில் சேன்ட் மேர் எக்லீஸுக்கு நடந்து திரும்பியவர்கள் 16 பேர். டர்ன்புல்லும் மறுநாள் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். ஆனால் அந்த மதியம் முழுக்க வடக்கிலிருந்து எவனும் ஊருக்குள் வரவில்லை.

அண்ணன் ரொம்ப நேரம் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இந்த வரலாற்றில் ஆர்வம் உள்ளவர் இல்லை; எனக்காக லீவு போட்டு வண்டி ஓட்ட வந்தவர். "நிக்கிறேன்னு சொன்னான் பாரு" என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

பிற்பகல் சேன்ட் மேர் எக்லீஸுக்குத் திரும்பினோம். தேவாலயக் கூரையில் பாராசூட்டோடு ஒரு பொம்மை தொங்குகிறது. அன்றிரவு கோபுரத்தில் மாட்டிக்கொண்டு செத்தவர்போலக் கிடந்து பிழைத்த ஜான் ஸ்டீல் என்ற வீரரின் நினைவு. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் தேடியது ஊரைச் சுற்றி இருந்த தற்காலிகக் கல்லறைத் தோட்டங்களின் தடத்தை. இப்போது அங்கே நினைவுக் கற்கள் மட்டும் இருக்கின்றன. 1944 கோடையில் அங்கே ஆயிரக்கணக்கான வெள்ளை மரச் சிலுவைகள்.

ஃப்ரிட்ஸ் அங்கேதான் வந்தார். அவர் 101வது வான்வழிப் படைப்பிரிவில், 501வது பாராசூட் ரெஜிமென்டில் இருந்தவர். தன் அண்ணன் ஒருவர் இறந்து இந்த ஊரில் புதைக்கப்பட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ரெஜிமென்டின் கத்தோலிக்கப் பாதிரியார் ஃபிரான்சிஸ் சாம்ப்சனைக் கூட்டிக்கொண்டு கல்லறையைத் தேடி வந்தார். பதிவேட்டைப் புரட்டிய பாதிரியாருக்குத் தேடி வந்த பெயர் கிடைக்கவில்லை. அதே நைலண்ட் என்ற குடும்பப் பெயரில் வேறொரு பெயர் இருந்தது. அதுவும் ஃப்ரிட்ஸின் அண்ணன்தான். ஒருவர் சாவுக்கு அழ வந்த இடத்தில் இன்னொருவரும் செத்துக் கிடப்பது தெரிகிறது. ஃப்ரிட்ஸ் தேடி வந்த அண்ணனின் கல்லறை கொஞ்ச தூரத்தில் இன்னொரு தோட்டத்தில் இருந்தது. எட்வர்டும் காணவில்லை என்ற சேதி சேர்ந்ததும் ஃப்ரிட்ஸைத் திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்கியவர் சாம்ப்சன்தான். கூட இருந்தவர்களை விட்டுப் போக ஃப்ரிட்ஸுக்கு மனமில்லை. ஆனாலும் அனுப்பினார்கள்.

இந்த ஊரில் இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அப்போதைய மேயர் அலெக்சாந்தர் ரெனோவின் மனைவி சிமோன் ரெனோ. கல்லறைகளுக்குப் பூ வைப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர். அப்படி ஒரு கல்லறையில் அவர் பூ வைக்கும் புகைப்படம் 1944 ஆகஸ்டில் லைஃப் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அமெரிக்கத் தாய்மார்கள் "என் மகனும் அங்கேதான் இருக்கிறான், போய்ப் பாருங்கள்" என்று அவருக்கு எழுத ஆரம்பித்தார்கள். சிமோன் ஒவ்வொரு கல்லறையாகத் தேடிப் போனார், பூ வைத்தார், படம் எடுத்து அனுப்பினார், பதில் எழுதினார். 1988-இல் இறக்கும் வரை அந்தக் கடிதங்கள் நிற்கவில்லை. கடல் தாண்டிப் போய் மகன் குழியைப் பார்க்க வசதி இல்லாத தாய்க்கு, அவன் தலைமாட்டில் ஒரு பெண் நின்று பூ வைத்தாள் என்ற செய்தி எவ்வளவு பெரியது! படைத்தளபதிகளுக்குச் சிலை இருக்கும் ஊர்களில் எல்லாம் இப்படிப்பட்டவர்களுக்கும் சிலை வேண்டும் என்பேன்.

புதன், க்ரிஸ்பெக்

நூவிலிலிருந்து க்ரிஸ்பெக் நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரு நாள் இடைவெளியில் இவ்வளவு பக்கத்தில் செத்திருக்கிறார்கள். ஒருவர் வானத்திலிருந்து வந்தவர், இன்னொருவர் கடலிலிருந்து வந்தவர்.

பிரெஸ்டன் 4வது காலாட்படைப் பிரிவில், 22வது ரெஜிமென்டில் செகண்ட் லெப்டினன்ட், வயது 29. அமெரிக்கர்கள் இறங்கிய இன்னொரு கடற்கரையான யூட்டாவில் இறங்கி வடக்கே திரும்பிய படை அது. அந்தப் பாதையில், சேன் மர்கூஃப் ஊருக்குப் பக்கத்து மேட்டில், க்ரிஸ்பெக் பீரங்கித் தளம். ஸ்கோடா ஆலையில் வார்த்த 210 மில்லிமீட்டர் பீரங்கிகள், அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் அறைகள், பதுங்குகுழிகள், முள்வேலி, கண்ணிவெடி. தளபதி வால்டர் ஓம்சன் என்ற ஜெர்மன் கடற்படை அதிகாரி.

இப்போது அது ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். பதுங்குகுழிகளின் வழியாக நடந்தோம். கான்கிரீட் சுவரில் வார்ப்புப் பலகையின் மர ரேகைகள் அப்படியே பதிந்திருக்கின்றன, கணுக்கூடத் தெரிகிறது. குண்டு பட்டுப் பெயர்ந்த இடங்களில் கம்பிகள் துருவேறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கனத்தைப் பார்த்தால் துப்பாக்கியோடு ஓடி வருகிறவன் இதை என்ன செய்திருக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது. ஜூன் 7 முதல் 22வது ரெஜிமென்ட் மோதியது. அமெரிக்கர்கள் தளத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டபோது, ஓம்சன் பக்கத்து ஆசவில் தளத்தைக் கூப்பிட்டுத் தன் தளத்தின் மேலேயே சுடச் சொன்னார். உள்ளே வந்தவர்கள் சிதறிப் பின்வாங்கினார்கள். ஜூன் 7 சண்டையில் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் பிரெஸ்டன் கொல்லப்பட்டார். முந்தின நாள் தம்பி இறந்தது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தளம் விழுந்தது ஜூன் 12-இல்.

யூட்டா கடற்கரையில் கொஞ்ச நேரம்தான் இருந்தோம். காற்று ஆளைத் தள்ளியது.

இரவு விடுதியில் அண்ணன் கேட்டார்: "அப்போ எட்வர்ட்?"

எட்வர்ட் சாகவில்லை. பாராசூட்டில் குதித்து, ஜப்பானியரிடம் பிடிபட்டு, பர்மாவில் கைதியாகக் கிடந்தார். 1945 மே மாதம் பிரிட்டிஷ் படை ரங்கூனை மீட்ட நாட்களில் அவரும் விடுவிக்கப்பட்டார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் செத்தவன் கணக்கில் வைத்திருந்த பிள்ளை எழுந்து வந்தான். நான்கில் இரண்டு திரும்பியது. எட்வர்ட் 1984 வரை இருந்தார். ஃப்ரிட்ஸ் அதற்கு முந்தைய வருஷம் காலமானார்.

"அதுக்கு முன்னாடியே சட்டம் இருந்துச்சா, கடைசிப் பிள்ளையை அனுப்பிடணும்னு?" என்றார் அண்ணன். முழுச் சட்டமாக வந்தது 1948-இல். ஆனால் அமெரிக்க ராணுவத்துக்கு அதற்கு முன்பே புத்தி வந்திருந்தது, அதுவும் பெரிய விலை கொடுத்த பிறகு. 1942 நவம்பரில் குவாடல்கனாலுக்கு அருகே ஜூனோ என்ற போர்க்கப்பல் மூழ்கியபோது அயோவா மாநிலத்தின் சல்லிவன் சகோதரர்கள் ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். ஐவரும் போனார்கள். பிரிய மாட்டோம், ஒரே கப்பலில்தான் போவோம் என்று கேட்டு வாங்கியவர்கள். 1944-இல் யூட்டா மாநிலத்தின் போர்க்ஸ்ட்ராம் குடும்பத்தில் மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் நான்கு மகன்கள், அதில் இருவர் இரட்டையர். மிஞ்சிய ஒருவரைப் படையிலிருந்து விடுவித்தார்கள். ராணுவம் ரெஜிமென்ட் வாரியாகத்தான் ஆட்களை எண்ணும். ஒரு வீட்டில் எத்தனை இலை போட வேண்டும் என்ற கணக்கு அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் ஏன் கடைசி ஒருவன் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கோபமும் கூடவே வருகிறது.

வியாழன், கோல்வில் சூர் மேர்

ஒமாஹா கடற்கரைக்கு மேலே, குன்றின்மேல் அமெரிக்கக் கல்லறைத் தோட்டம். ஒன்பதாயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குக் கற்கள். போருக்குப் பிறகு குடும்பங்களிடம் கேட்டார்கள்: உடலை ஊருக்கு அனுப்பவா, இங்கேயே வைக்கவா என்று. பாதிக்கும் மேற்பட்டோர் ஊருக்கே போனார்கள். இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் குடும்பம் சம்மதித்து விட்டுச் சென்றவர்கள். நைலண்ட் குடும்பமும் அப்படித்தான் சம்மதித்தது, அண்ணனையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

எஃப் பிரிவு, 15வது வரிசை. 11வது கல் ராபர்ட், 12வது கல் பிரெஸ்டன். பெயர், பதவி, ரெஜிமென்ட், நியூயார்க், இறந்த நாள். பிறந்த நாள் இல்லை. இங்கே எந்தக் கல்லிலும் இல்லை. வெள்ளைக் கல்லில் வெள்ளையாகவே செதுக்கிய எழுத்து, கிட்டே போனால்தான் படிக்க முடிகிறது. ஒரு கல்லில் ஜூன் 6, அடுத்ததில் ஜூன் 7. இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் படித்தேன்.

நாங்கள் நிற்கும்போது நாலைந்து வரிசை தள்ளி ஒரு குடும்பம் வந்தது. கூட வந்த ஊழியர் ஒரு சின்ன வாளியிலிருந்து ஈர மணலை அள்ளிக் கல்லில் தேய்த்தார். ஒமாஹா கடற்கரை மணல். எழுத்துப் பள்ளங்களில் மணல் தங்கியதும் பெயர் மட்டும் பழுப்பு நிறத்தில் பளிச்சென்று எழுந்து வந்தது. மேலே படிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அவர் விலகி நின்றார். அந்தக் குடும்பத்து முதியவர் குனிந்து எழுத்துகளைத் தொட்டார். அதற்குமேல் பார்ப்பது முறையில்லை என்று நாங்கள் நகர்ந்துவிட்டோம்.

இங்கே சகோதரர்கள் நிறைய. சிமோன் ரெனோ பூ வைத்த அந்தப் புகைப்படத்தில் இருந்தது ஜெனரல் தியோடோர் ரூஸ்வெல்ட் ஜூனியரின் கல்லறை. முன்னாள் அதிபரின் மகன். 56 வயதில், கையில் தடியோடு, யூட்டாவில் முதல் அலையில் இறங்கியவர். ஜூலை 12 அன்று மாரடைப்பில் இறந்தார். அவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பி குவென்டின், முதல் உலகப் போரில் 1918-இல், இருபது வயதில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி. 1955-இல் அவரை இங்கே கொண்டுவந்து அண்ணனுக்கு அருகில் வைத்தார்கள்.

நெப்ராஸ்காவைச் சேர்ந்த பைப்பர் இரட்டையர் கதை இன்னும் நீளம். ஜூலியஸ், லுட்விக். கடற்படையில் ஒரே கப்பலில் இருவரும் ரேடியோ பணியாளர்கள். 1944 ஜூன் 19 அன்று கப்பல் கடல் கண்ணிவெடியில் மோதி உடைந்தபோது இருவருக்கும் வயது 19. லுட்விக்கை அடையாளம் கண்டு இங்கே புதைத்தார்கள். ஜூலியஸ் பெயர் தெரியாத உடலாகப் பெல்ஜியத்தில் ஒரு கல்லறையில் கிடந்தார். ஒரு பள்ளி மாணவியின் தேடலில் தொடங்கிய ஆய்வு 2017-இல் அவரை அடையாளம் காட்டியது. 2018 ஜூன் 19 அன்று, 74 ஆண்டு கழித்து, உயிரோடு இருந்தவரை பிரியாதிருந்த அந்த இரட்டையரை அடுத்தடுத்துச் சேர்த்தார்கள்.

ஹோபாக் சகோதரர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. வர்ஜீனியாவின் பெட்ஃபோர்ட் என்ற சிற்றூரிலிருந்து வந்த பெட்ஃபோர்ட் ஹோபாக், ரேமண்ட் ஹோபாக். இருவரும் ஒரே கம்பெனியில் ஒமாஹாவில் இறங்கி அன்றே இறந்தார்கள். வீட்டுக்கு ஒரு நாள் ஒரு தந்தி, மறுநாள் இன்னொன்று. அண்ணனுக்கு இங்கே கல் இருக்கிறது. ரேமண்டின் உடல் கிடைக்கவே இல்லை. காணாமல் போனவர்களின் சுவரில், 1,557 பெயர்களுக்கு நடுவே அவர் பெயர். ஆனால் அவர் வைத்திருந்த பைபிள் மட்டும் மணலில் கிடந்தது. முகம் தெரியாத ஒரு சிப்பாய் எடுத்து, உள்ளே எழுதியிருந்த முகவரியைப் பார்த்து, வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அத்தனை சாவுகளுக்கும் நடுவில் ஒருவன் குனிந்து அந்தப் புத்தகத்தை எடுத்தான் என்று அந்தத் தாய் நினைத்துப் பார்த்திருப்பாள்.

அம்மா போன் செய்தார். எங்கே இருக்கிறீர்கள் என்றார். அண்ணன் சொன்னார். "ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேருங்க" என்று வைத்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இலவசம். நுழைந்ததும் எல்லோரும் கடல் பார்க்கும் மேடைக்குப் போவார்கள். எஃப் பிரிவுக்குக் கல்லறைகளுக்கு நடுவே உள்ளே நடக்க வேண்டும். ஊழியர்களிடம் பெயரைச் சொன்னால் வரிசை எண்ணோடு வழி சொல்வார்கள். வண்டி கையில் இருந்தால் அதற்கு முன்பு ஒரு காலை நேரத்தை நூவில் ஓ ப்ளேனுக்கு ஒதுக்குங்கள். டிக்கெட் கிடையாது, கடை கிடையாது; சாலையோரம் கரைமேல் ஏறி வடக்கே பார்த்தால் போதும்.